ஞாயிற்றுக்கிழமை மட்டும் படுத்துக்கொண்ட குளோரினேட்டர்

எங்கள் குடியிருப்பின் நீச்சல் குளத்தைப் பெரியது என்று சொல்ல முடியாது. 15 மீட்டர் நீளம், 6 மீட்டர் அகலம், சராசரி ஆழம் 1.2 மீட்டர். கணக்குப் போட்டால் 1,08,000 லிட்டர். சென்னைக்குத் தெற்கே, பழைய மகாபலிபுரம் சாலைப் பக்கம். போர் தண்ணீரும் லாரித் தண்ணீரும் கலந்து நிரப்பியது. கோடை விடுமுறை தொடங்கிவிட்டால் காலை ஆறு மணிக்கே பிள்ளைகள் துண்டோடு வந்து நின்றுவிடுவார்கள்.

நான் சங்கத்தின் பராமரிப்புக் குழுவில் இருக்கிறேன். வேலையில் இருந்த காலத்தில் இன்ஸ்ட்ருமென்ட் பிரிவில் 30 வருடம் குப்பை கொட்டியவன் என்பதால் வால்வு, மீட்டர், சுவிட்ச் என்று எது மக்கர் செய்தாலும் என் வீட்டு அழைப்பு மணிதான் அடிக்கும். இந்த விவகாரத்தில் அந்த அனுபவம் எனக்குக் கைகொடுத்தது பாதி, காலை வாரிவிட்டது பாதி. இரண்டையும் மறைக்காமல் எழுதுகிறேன்.

எங்கள் குளத்தில் குளோரின் மாத்திரை போடுவதில்லை. உப்பு குளோரினேட்டர் இருக்கிறது. தண்ணீரில் சாதாரண உப்பைக் கரைத்து 4000 பிபிஎம் (பத்து லட்சம் பங்குக்கு 4000 பங்கு) அளவில் வைத்திருக்கிறோம். குளம் முழுவதற்கும் ஏறக்குறைய 430 கிலோ. கேட்க அதிகமாகத் தெரியும், ஆனால் கடல் நீரில் இருப்பதில் ஒன்பதில் ஒரு பங்குதான். வாயில் பட்டால் லேசாகக் கரிக்கும், அவ்வளவுதான். வடிகட்டியைத் தாண்டி வரும் தண்ணீர் 'செல்' என்ற குழாய்த் துண்டு வழியாகக் குளத்துக்குத் திரும்புகிறது. செல்லுக்குள் ருத்தேனியம் ஆக்சைடு போன்றவற்றைப் பூசிய டைட்டானியம் தகடுகள். அவற்றில் டிசி மின்சாரம் பாயும்போது ஒரு பக்கத் தகட்டில் குளோரின் உண்டாகும், எதிர்ப் பக்கத்தில் ஹைட்ரஜன். குளோரின் அங்கேயே தண்ணீரில் கரைந்துவிடும். ஹைட்ரஜன் அவ்வளவாகக் கரையாது. பொடிக் குமிழ்களாக ஓட்டத்தோடு அடித்துக்கொண்டு போய்க் குளத்தின் மேல்மட்டத்தில் காற்றோடு கலந்துவிடும்.

ஓட்டம் இருக்கிற வரை இதில் ஒரு பயமும் இல்லை. ஓட்டம் நின்ற பிறகும் செல்லுக்கு மின்சாரம் போய்க்கொண்டிருந்தால்தான் வினை. எங்கள் செல் மணிக்கு 30 கிராம் குளோரின் தயாரிக்கும். அதே மின்சாரம் மணிக்குப் பத்து லிட்டர் அளவுக்கு ஹைட்ரஜனையும் தயாரிக்கிறது. மூடிய குழாயில் பத்து லிட்டர் ஹைட்ரஜன் என்பது சின்ன விஷயம் இல்லை. காற்றில் 4 சதவீதம் முதல் 75 சதவீதம் வரை எந்த விகிதத்தில் கலந்தாலும் ஒரு பொறி பட்டால் பற்றிக்கொள்ளும் வாயு அது. குளோரின் வாயுவோடு கலந்தால் இன்னும் மோசம்.

இதைத் தடுக்கத்தான் செல்லுக்கு முன்னால் ஃப்ளோ சுவிட்ச் வைக்கிறார்கள். எங்களுடையது துடுப்பு வகை. குழாயின் 'டீ'யில் (T வடிவ இணைப்பில்) மேலிருந்து திருகி வைத்திருப்பார்கள். உள்ளே தொங்கும் சிறிய பிளாஸ்டிக் துடுப்பைத் தண்ணீர் தள்ளும். துடுப்பின் மேல்முனையில் ஒரு காந்தம். மேலே, எபாக்சி ஊற்றி மூடிய உடலுக்குள் ஒரு ரீட் சுவிட்ச்: மெல்லிய கண்ணாடிக் குழலுக்குள் இரண்டு உலோக நாக்குகள். துடுப்பு சாயும்போது காந்தம் நெருங்கி வரும், நாக்குகள் ஒட்டும், 'தண்ணீர் ஓடுகிறது' என்று குளோரினேட்டரின் கட்டுப்பாட்டுப் பெட்டிக்குச் செய்தி போகும். ஓட்டம் நின்றால் ஸ்பிரிங் துடுப்பைப் பழைய இடத்துக்குத் தள்ளும், நாக்குகள் பிரியும், பெட்டி செல்லுக்கு மின்சாரத்தை நிறுத்திவிட்டுச் சிவப்பு விளக்கைப் போடும். அவ்வளவுதான் சங்கதி. இரண்டு வயர், ஒரு காந்தம், ஒரு கீல்.

முதல் ஞாயிறு

ஏப்ரல் முதல் ஞாயிறு மாலை, குளத்தைப் பார்த்துக்கொள்ளும் தம்பி போன் செய்தார். "சார், பெட்டியில செவப்பு லைட்டு எரியுது. மோட்டார் ஓடிட்டுதான் இருக்கு."

போய்ப் பார்த்தேன். மோட்டார் ஓடுகிறது. தண்ணீர் குளத்துக்குள் திரும்பி வரும் வாய்களான இன்லெட்டுகளில் கை வைத்தால் தண்ணீர் தள்ளுகிறது. பெட்டி மட்டும் ஓட்டமே இல்லை என்று அடம்பிடிக்கிறது. அன்று நல்ல கூட்டம். டெஸ்ட் கிட்டில் பார்த்தால் குளோரின் 0.3 பிபிஎம்; 1 முதல் 3 வரை இருக்க வேண்டும். சரி, முதலில் தண்ணீரைக் காப்பாற்றுவோம் என்று குளத்தை மூடிவிட்டு ஹைப்போ (திரவக் குளோரின்) கரைசல் ஊற்றச் சொன்னேன். 1,08,000 லிட்டரில் 5 பிபிஎம் ஏற்ற 540 கிராம் குளோரின் வேண்டும். பத்து சதவீத ஹைப்போ என்றால் ஐந்தரை லிட்டர். கேன் வெயிலில் கிடந்திருந்தது, வீரியம் குறைந்திருக்கும் என்று ஆறு லிட்டராக ஊற்றினோம்.

திங்கட்கிழமை சர்வீஸ் ஆள் வந்தபோது பச்சை விளக்கு சமர்த்தாக எரிந்துகொண்டிருந்தது. டாக்டரைப் பார்த்ததும் பல்வலி போய்விடுகிற மாதிரி. அவர் பெட்டியைத் திறந்து எட்டிப் பார்த்தார், மூடினார். "போர்டுல ப்ராப்ளம் சார். விட்டு விட்டு வருதுன்னா போர்டுதான்." புது போர்டுக்கு அவர் சொன்ன விலையைக் கேட்டதும் பொருளாளர் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். போகும்போது இலவசமாக ஒரு யோசனையும் சொல்லிவிட்டுப் போனார்: மறுபடி சிவப்பு வந்தால், ஃப்ளோ சுவிட்சின் இரண்டு வயரையும் ஒன்றாக முறுக்கிவிடுங்கள், ஓடிவிடும்.

ஓடும்தான். ஓட்டம் இருக்கிறதா என்று பார்க்கிற ஒரே கண்ணைக் குத்திவிட்டால் பெட்டி எதற்கு நிற்கப் போகிறது?

இதை இவ்வளவு விவரமாக எழுதுகிற நானே அடுத்த ஞாயிறு அதைச் செய்தேன் என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஒரு வீட்டில் பிறந்தநாள், இருபது குழந்தைகள், குளோரின் இறங்கிக்கொண்டிருக்கிறது, மறுபடியும் சிவப்பு. வயரை முறுக்கினேன். மோட்டார் நிற்கும் நேரத்துக்கு நானே வந்து பெட்டியை அணைத்துவிடுவேன் என்று சொல்லிக்கொண்டேன். ஞாயிறு வந்தேன். திங்கள் மாலை மறந்துவிட்டேன். இரவு ஒன்பதே முக்காலுக்கு நினைவு வந்து, செருப்பு மாட்டாமல் ஓடினேன். ஒன்றும் ஆகவில்லை. செல்லுக்குள் வாயு நிறைந்து தகடுகள் தண்ணீருக்கு மேலே வந்ததும் மின்சாரம் குறைந்து, 'உப்பு போதவில்லை' என்ற எச்சரிக்கையோடு பெட்டி தானாகவே நின்றிருந்தது. அப்போது அதைப் பார்த்து நிம்மதிதான் வந்தது. அந்த எச்சரிக்கையை முன்பும் எங்கேயோ பார்த்தோமே என்று தோன்றவில்லை.

போர்டா, சுவிட்சா

செவ்வாய்க்கிழமை முறுக்கின வயரைப் பிரித்து, ஒழுங்காக உட்கார்ந்தேன்.

கோளாறு பெட்டியிலா, சுவிட்சிலா, நடுவில் இருக்கிற வயரிலா என்று பிரிக்க ஐந்து நிமிடம் போதும். மோட்டாரை ஓடவிட்டு, பெட்டியின் அடியில் இருக்கிற ஃப்ளோ சுவிட்ச் கனெக்டரைக் கழற்றினேன். பச்சை போய்ச் சிவப்பு வந்தது. பெட்டிப் பக்கத்து இரண்டு பின்களுக்கும் நடுவே மீட்டர் வைத்தால் 5 வோல்ட்டுக்குச் சற்றுக் குறைவாகக் காட்டியது. பெட்டி கேள்வி கேட்டுக்கொண்டுதான் இருக்கிறது. சின்ன வயர்த் துண்டால் அந்தப் பின்களைத் தொட வைத்தேன். சில நொடியில் பச்சை. எடுத்தேன், சிவப்பு. பத்து தடவை செய்தேன், பத்து தடவையும் தப்பாமல் பதில் சொன்னது. போர்டு நன்றாக இருக்கிறது.

இதுவும் அந்த வயர் முறுக்கலும் ஒன்றுதானே என்று தம்பி கேட்டார். நல்ல கேள்வி. மோட்டார் ஓடும்போது, ஆள் பக்கத்தில் நிற்க, கையில் பிடித்துக்கொண்டு ஒரு நிமிடம் தொட வைத்தால் அது சோதனை. கையை எடுத்துவிட்டு வீட்டுக்குப் போகிற மாதிரி செய்தால் அது நான் ஞாயிறு செய்த முட்டாள்தனம்.

அடுத்து சுவிட்ச் பக்கம். எங்கள் எலக்ட்ரீஷியன் அண்ணன் பழக்க தோஷத்தில் டெஸ்ட் லேம்ப்பை எடுத்துக்கொண்டு வந்துவிட்டார். 230 வோல்ட், 100 வாட் குண்டு பல்பு. அவர் கை வைக்கும் முன் தடுத்துவிட்டேன். ரீட் சுவிட்சின் நாக்குகள் மிக மெல்லியவை, மில்லி ஆம்பியர் கணக்கில் மின்சாரம் போவதற்குச் செய்தவை. அதன் வழியாக ஒரு குண்டு பல்பை எரியவிட்டால் பல்பு சூடாவதற்குள் பாய்கிற மின்சாரத்தில் நாக்குகள் பற்றவைத்த மாதிரி ஒட்டிக்கொள்ளும். அப்புறம் அது எப்போதும் 'ஓட்டம் இருக்கிறது' என்றே சொல்லும். மல்டிமீட்டரைத் தவிர வேறு எதுவும் இதன் பக்கம் வரக்கூடாது.

மீட்டரில் மோட்டார் ஓடும்போது 0.4 ஓம். நல்ல மதிப்பு. வயரை நீளம் முழுவதும் ஆட்டிப் பார்த்தேன், எண் அசையவில்லை. எலி கடித்த இடம் இல்லை, பச்சை பிடித்த பின் இல்லை. ஆக, அந்த நேரத்தில் எல்லாமே நன்றாக இருந்தது. விட்டு விட்டு வருகிற கோளாறின் கொடுமையே இதுதான். அது வீட்டில் இல்லாத நேரம் பார்த்துத்தான் நாம் போய்க் கதவைத் தட்டுகிறோம்.

சுவிட்சைக் கழற்றியே பார்த்துவிடலாம் என்று முடிவு செய்தேன். எங்கள் பம்ப் ரூம் குளத்தின் நீர்மட்டத்துக்குக் கீழே, அடித்தளத்தில் இருக்கிறது. எனவே மோட்டாரை நிறுத்தினால் மட்டும் போதாது, வால்வுகளையும் மூட வேண்டும். உறிஞ்சும் பக்கத்து வால்வை மூடினேன். திரும்பும் பக்கத்து வால்வை மறந்தேன். சுவிட்சின் கடைசிப் புரி கழன்றதும் குளம் முழுவதும் என் சட்டைக்குள் வரப் பார்த்தது. எலக்ட்ரீஷியன் அண்ணன் பாய்ந்து வால்வை மூடிவிட்டு, "டெஸ்ட் லேம்ப்பே பரவாயில்ல போல சார்" என்றார். அன்றைக்கு அவர் கணக்கு நேர்.

மேசையில் வைத்து விரலால் துடுப்பைத் தள்ளினேன். 'டிக்'. 0.3 ஓம். விட்டேன், 'டிக்', திறந்துவிட்டது. 50 தடவை செய்திருப்பேன். ஒரு தடவைகூடத் தப்பவில்லை. துடுப்பில் வெள்ளையாகச் சுண்ணாம்புப் படிவம் இருந்தது. எங்கள் தண்ணீருக்கு அது சகஜம், கடினத்தன்மை 600 பிபிஎம்முக்கு மேல். வினிகரில் துடுப்பை மட்டும் நனைத்துப் பழைய பல் பிரஷால் தேய்த்து, டெஃப்லான் டேப் சுற்றி மறுபடி மாட்டினேன். லேசாகக் கசிந்தது. இன்னும் கொஞ்சம் திருப்பி இறுக்கினேன், நின்றது. 'சுவிட்ச் நலம், சுத்தம் செய்யப்பட்டது' என்று பதிவேட்டில் எழுதிக் கையெழுத்தும் போட்டேன்.

அந்த வாரம் ஞாயிற்றுக்கிழமைவரைகூடத் தாங்கவில்லை. சனிக்கிழமையே சிவப்பு.

தம்பி சொன்ன மூன்று விஷயங்கள்

அன்று இரவு பதிவேட்டைப் பின்னோக்கிப் புரட்டினேன். தம்பி தினமும் இரண்டு வேளை ஃபில்டர் பிரஷர் எழுதி வைப்பார், அதை யாரும் படிப்பதில்லை. திங்கட்கிழமை காலை பேக்வாஷ் செய்ததும், அதாவது தண்ணீரை எதிர்த்திசையில் விட்டு ஃபில்டர் மணலைக் கழுவியதும், சதுர சென்டிமீட்டருக்கு 0.8 கிலோ. புதன் 0.9. வெள்ளி 1.1. ஞாயிறு மாலை 1.3. வாரக் கடைசியில் கூட்டம் சேர்ந்து, சன்ஸ்கிரீனும் தலை எண்ணெயும் மணலை அடைக்கிறது. அடைக்க அடைக்கப் பிரஷர் ஏறும், ஓட்டம் குறையும். ஓட்டம் குறைந்தால் துடுப்பைத் தள்ளும் பலம் அதைவிட வேகமாகக் குறையும், ஏனென்றால் அது நீரின் வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. வேகம் முப்பது சதவீதம் குறைந்தால் தள்ளும் பலம் பாதியாகிவிடும். சிவப்பு விளக்கு ஞாயிறு வருவதும், திங்கள் சர்வீஸ் ஆள் வரும்போது பச்சையாக இருப்பதும் இதனால்தான்.

ஆனால் 1.3 கிலோ என்பது ஒன்றும் அநியாயமான அடைப்பு இல்லை. போன வருடமெல்லாம் இதே 1.3-இல் குளோரினேட்டர் ஓடியிருக்கிறது. அப்படியானால் துடுப்புதான் முன்னைவிட அதிக பலம் கேட்கிறது. விரலால் தள்ளினேனே, நன்றாகத்தானே போனது? அங்கேதான் 30 வருடம் என்னை ஏமாற்றியது. என் விரலுக்கு இருக்கிற பலம் தண்ணீருக்கு இல்லை. கீல் எவ்வளவு இறுகியிருந்தாலும் விரல் அதைத் தள்ளிவிடும், தள்ளிவிட்டோம் என்பதுகூட விரலுக்குத் தெரியாது.

மறுநாள் காலை தம்பியிடம் வேறு ஏதாவது வித்தியாசமாகப் பார்த்தாரா என்று கேட்டேன். கொஞ்சம் தயங்கிவிட்டுச் சொன்னார். "நான் அப்பவே சொன்னேன் சார். இன்லெட்டுக்கு முன்னாடி அடியில மணல் குவியுதுன்னு."

சொன்னார்தான். மார்ச்சிலேயே. பிள்ளைகள் கடற்கரைக்குப் போய்விட்டுக் காலைக் கழுவாமல் இறங்குகிறார்கள் என்று நான்தான் தீர்ப்பு எழுதினேன். அறிவிப்புப் பலகைகூட மாட்டினோம்.

"இன்னொன்னு சார். காலையில மோட்டார் ஆன் பண்ணதும் இன்லெட்டுல கொப்பளிச்சுக்கிட்டு குமிழ் வரும், ஒரு நெடியோட. கொஞ்ச நாளாவே. அப்புறம் பெட்டியில சால்ட் லோன்னு காட்டும், உப்பு டெஸ்ட் பண்ணா கரெக்டா இருக்கும். தானா சரியாயிடும், அதான் சொல்லல."

முதலில் சொன்னது மட்டும்தான் அப்போது என் மண்டையில் ஏறியது. இன்லெட்டுக்குக் கீழே இறங்கி அந்த மணலை ஒரு கை அள்ளிவரச் சொன்னேன். கடற்கரை மணலில் பொடியும் கிளிஞ்சல் தூளும் கலந்திருக்கும். இது ஒரே அளவாக, வெள்ளையாக, கூர்முனையோடு இருந்தது. பம்ப் ரூம் மூலையில் கிழிந்து கிடந்த ஃபில்டர் மணல் மூட்டையிலிருந்து ஒரு சிட்டிகை எடுத்துப் பக்கத்தில் வைத்தேன். அண்ணன் தம்பி மாதிரி இருந்தன. ஃபில்டர் தொட்டியின் அடியில் லேட்டரல் என்று சொல்கிற, கீறல் கீறலாக வெட்டிய குழாய்கள் சக்கரத்தின் ஆரம் போலப் பரவியிருக்கும். தண்ணீரை விட்டு மணலைப் பிடித்துக்கொள்வது அதன் வேலை. அதில் ஒன்று விரிந்தால் மணல் வெளியே வரும். வரும் வழியில் முதலில் நிற்பது ஃப்ளோ சுவிட்ச்.

மற்ற இரண்டு செய்திகளின் அர்த்தம் அன்று இரவு எட்டு மணிக்கு விளங்கியது. பிரஷர் பார்க்கலாம் என்று பம்ப் ரூமில் நின்றிருந்தேன். டைமர் மோட்டாரை நிறுத்தியது. சத்தம் அடங்கியது. பெட்டியில் பச்சை விளக்கு எரிந்துகொண்டே இருந்தது.

ஒரு நிமிடம் பார்த்தேன். இரண்டு நிமிடம். பச்சை. ஸ்க்ரூ டிரைவரின் பிடியால் சுவிட்சின் தலையில் மெல்ல ஒரு தட்டு தட்டினேன். 'டிக்'. சிவப்பு.

இரண்டு வாரமாக நாங்கள் எல்லோரும் சுவிட்ச் ஒட்ட மறுக்கிறது என்று மல்லுக்கட்டிக்கொண்டிருந்தோம். அது பிரியவும் மறுத்துக்கொண்டிருந்தது. ஒரே இறுகிய கீல்தான்: ஓட்டம் குறைவாக இருந்தால் துடுப்பு போய்ச் சேராது, ஓட்டம் நின்றால் திரும்பி வராது. முதல் கோளாறு சிவப்பு விளக்குப் போட்டு ஊரைக் கூட்டியது, குளம் கலங்கியது, குழுவில் சண்டை வந்தது. இரண்டாவது கோளாறு பச்சை விளக்கோடு, சத்தமில்லாமல், ஆள் இல்லாத நேரத்தில் குழாய்க்குள் ஹைட்ரஜனை நிரப்பிக்கொண்டிருந்தது. காலைக் குமிழ் அந்த வாயுதான், நெடி அதோடு சேர்ந்து உண்டான குளோரின். 'சால்ட் லோ' என்பது தகடுகள் வாயுவுக்குள் நின்றதன் அடையாளம். வயரை முறுக்கிவிட்டு மறந்த திங்கள் இரவு நான் பார்த்ததும் இதே எச்சரிக்கை. அன்றைக்காவது முறுக்கியது நான். மற்ற இரவுகளில் சுவிட்ச் தன்னைத்தானே முறுக்கிக்கொண்டிருக்கிறது.

மோட்டார் நின்றால் பெட்டிக்கும் மின்சாரம் நின்றுவிட வேண்டாமா என்று கேட்கலாம். வேண்டும். வயரிங்கைத் தேடிப் பார்த்ததில், பெட்டிக்குத் தனி எம்சிபியிலிருந்து (சர்க்யூட் பிரேக்கர்) நேரடி லைன் போயிருந்தது. டைமருக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. பம்ப் ரூம் வேலை நடந்தபோது வசதியாக இருந்த பாயின்டில் யாரோ கொடுத்துவிட்டார்கள். இரண்டு காவல் இருக்க வேண்டிய இடத்தில் ஒன்றுதான் இருந்தது, அதுவும் தூங்கிக்கொண்டிருந்தது.

சில்லறைச் சோதனை

அன்றே பெட்டியின் எம்சிபியை இறக்கி 'போடாதே' என்று அட்டை தொங்கவிட்டேன். குளத்துக்கு ஒரு வாரம் ஹைப்போதான். சுவிட்சைக் கழற்றினேன், இந்த முறை இரண்டு வால்வையும் மூடிவிட்டு. கழற்றும் முன் மேலே பார்த்தால், தலையில் அச்சடித்த அம்புக்குறி குழாயின் திசையில் இல்லை, சுமார் 30 டிகிரி ஒதுங்கி நின்றது. கசிவை நிறுத்த நான் கொடுத்த அந்தக் கூடுதல் திருப்பு. ஏற்கெனவே முனகிக்கொண்டிருந்த துடுப்பைச் சாய்வாக வேறு நிற்க வைத்திருக்கிறேன். ஞாயிறு வர வேண்டிய சிவப்பு சனிக்கிழமையே வந்ததற்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை.

புது சுவிட்ச் ஒன்று வாங்கிவரச் சொல்லியிருந்தேன். இரண்டையும் மேசையில் கவ்வியில் பிடித்து, துடுப்பு கிடையாக வருகிற மாதிரி நிறுத்தி, நுனியில் நூலால் ஒரு சின்ன பிளாஸ்டிக் பையைக் கட்டி, மீட்டரைப் பஸ்ஸரில் வைத்து, பைக்குள் ஒரு ரூபாய் நாணயங்களை ஒவ்வொன்றாகப் போட்டேன். புதியது ஐந்தாவது நாணயத்தில் 'பீப்' என்றது. நாணயங்களை எடுத்தால் மூன்றிலேயே பிரிந்துவிட்டது. பழையது பதினொன்றில்தான் ஒட்டியது. எல்லாவற்றையும் எடுத்த பிறகும் பஸ்ஸர் அடித்துக்கொண்டே இருந்தது. பேத்தி பக்கத்தில் நின்று, "தாத்தா, இதுக்குக் காசு பத்தலையா?" என்றாள்.

கீலின் ஊசியைக் கழற்றிப் பூதக்கண்ணாடியில் பார்த்தபோது துளைக்குள் ஒரு மணல் துகள், சுற்றிலும் சுண்ணாம்பு சிமென்ட் மாதிரி பிடித்திருந்தது. பல் பிரஷ் அந்த இடத்துக்குப் போயிருக்கவே வழியில்லை. ஊசியில் பள்ளம் விழுந்திருந்தது. ரீட் பகுதியில் ஒரு குறையும் இல்லை. வேறு ஒரு காந்தத்தைக் காட்டினால் சுத்தமாக ஒட்டிப் பிரிந்தது. துடுப்பு மட்டும் தனியாகக் கிடைத்தால் மாற்றியிருப்பேன், கிடைக்கவில்லை.

சரிசெய்த வேலைகளில் ஃபில்டரைத் திறந்ததுதான் பெரிது. 400 கிலோவுக்கு மேல் மணலை மக்கில் மொண்டு வெளியே எடுக்க மூன்று பேருக்கு ஒரு நாள் ஆனது. அடியில் ஒரு லேட்டரல் நீளவாக்கில் விரிந்திருந்தது. போன வருடம் மணல் மாற்றியபோது தொட்டியில் பாதித் தண்ணீர் நிரப்பாமல் மூட்டையை மேலிருந்து கொட்டியிருக்க வேண்டும். தண்ணீர் இருந்தால் மணல் மெதுவாக இறங்கும், இல்லாவிட்டால் விழுகிற வேகத்தில் பிளாஸ்டிக் குழாய் என்ன செய்யும்? புது லேட்டரலின் விலை, போர்டுக்குச் சொன்ன விலைக்குப் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்படியாகக்கூட இல்லை.

ஃப்ளோ சுவிட்சின் இடத்தையும் மாற்றினோம். பழைய இடம் ஒரு எல்போவை ஒட்டி இருந்தது. வளைவில் திரும்பிய தண்ணீர் அங்கே சுழன்றுகொண்டு வரும், துடுப்பு ஒரு நிலையில் நிற்காமல் படபடக்கும். இப்போது 30 சென்டிமீட்டர் நேர்க்குழாய்க்கு அப்புறம் வைத்து, அம்புக்குறியைக் குழாயோடு ஒட்டி நேராக நிறுத்தி, அந்த நிலையிலேயே கசியாதபடி டேப் சுற்றைக் கூட்டினோம். எலக்ட்ரீஷியன் அண்ணன் பெட்டியின் லைனை மோட்டார் கான்டாக்டரின் (மோட்டாரைப் போட்டு நிறுத்தும் மின்சுவிட்ச்) துணைக் கான்டாக்ட் வழியாக எடுத்துக் கொடுத்தார். இனி மோட்டார் நின்றால், சுவிட்ச் என்ன சொன்னாலும் பெட்டி செத்துவிடும்.

அதில் ஒரு சின்னச் சிக்கல் வந்தது. பெட்டியே அணைந்துவிடுவதால், சுவிட்ச் ஒட்டிக்கொண்டால் இப்போது யாருக்கும் தெரியாது. பச்சையும் இல்லை, சிவப்பும் இல்லை. அதனால் மாதம் ஒரு முறை மோட்டாரை நிறுத்திவிட்டு, கனெக்டரைக் கழற்றி, சுவிட்ச் பக்கம் மீட்டர் வைத்துப் பார்க்கிறோம். திறந்திருக்க வேண்டும். பிறகு மோட்டாரைப் போட்டு, பேக்வாஷுக்கு முந்தைய, பிரஷர் அதிகமாக இருக்கிற நேரத்தில் இன்னொரு தடவை; மூடியிருக்க வேண்டும். இந்தச் சோதனையைத் தம்பிதான் செய்கிறார். மீட்டர் பிடிக்க அரை மணி நேரத்தில் கற்றுக்கொண்டார். பதிவேட்டில் அவர் எழுதுவதை இப்போது நானும் படிக்கிறேன். ஜூன் மாதப் பக்கத்தில் இப்படி இருக்கிறது: 'மோட்டார் ஆஃப்: ஓப்பன். மோட்டார் ஆன், 1.3 கிலோ: 0.3 ஓம். மணல் இல்லை.'

கடற்கரை மணலைப் பற்றிய அறிவிப்புப் பலகையைக் கழற்றியாயிற்று. சர்வீஸ் ஆள் போன வாரம் போன் செய்து, போர்டு ஆர்டர் போட்டுவிடலாமா என்று கேட்டார்.